வட்டியை விடத் தவணையைப் பாருங்கள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் சில ஆண்டுகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சின்னதாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் வங்கிக்கும் நடுவில் ஓடுவதுதான் வேலை. விண்ணப்பம் நிரப்புவது, கொட்டேஷன் வாங்குவது, மேலாளர் அறை வாசலில் காத்திருப்பது, கடன் கிடைத்த பிறகு கணக்கு எழுதச் சொல்லிக் கெஞ்சுவது எல்லாம் அதில் அடக்கம். இட்லிக் கடை, ஆடு, பால் மாடு, வெல்டிங், தையல், புளி என்று பலவற்றைப் பார்த்தாயிற்று. கடன் வாங்கித் தொழில் செய்து நொடித்தவர்களில் வட்டி அதிகம் என்பதால் நொடித்தவர்கள் குறைவு. தவணை வரும் நாளும் கையில் காசு வரும் நாளும் பொருந்தாமல் நொடித்தவர்கள்தான் அதிகம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு கடன் வாங்கினால் பாதிச் சிக்கல் குறையும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தருமபுரி மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் தொடங்கியது இங்கேதான். 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. நபார்டு வங்கி நாடு முழுவதும் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டத்தை ஆரம்பித்ததே 1992-இல்தான். ஆக, மானாவாரி நிலமும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் இளைஞர்களுமாக இருக்கும் இந்த ஊர்களில் கடன் என்பது புதிய விஷயமே இல்லை. ஒரு தெருவுக்குள் நுழைந்தால் குழுக் கடன், வாரக் கடன், தண்டல், நகைக்கடன், சொந்தக்காரரிடம் மூணு வட்டிக்கு வாங்கியது என்று எல்லாமே இருக்கும். தொழிலின் ஓட்டத்துக்குப் பொருந்துகிற கடன்தான் இருக்காது.

தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பேசி, பிடித்தம் போகக் கையில் 8,500 கொடுப்பார்கள். நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே கூட என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கட்டிக்கொண்டு வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக வாங்கியவர் கையில் இருந்த கடன் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 என்றால் மாசத்துக்குப் பத்து வட்டிக்கு மேல் வருகிறது. அதே ஆளுக்கு வங்கியில் முத்ரா சிசு கடன் (சின்னத் தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்) 50,000 ரூபாய் மூன்று வருடத் தவணையில் கிடைத்தால், மாதம் 1,600, 1,700 ரூபாய் கட்டினால் போதும். நாளைக்கு அறுபது ரூபாய்கூட ஆகாது.

பிறகு ஏன் தண்டலுக்குப் போகிறார்கள்? இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அக்கா சொன்ன பதிலை விடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. "அவன் தெனமும் சாயங்காலம் கடைக்கே வந்து வாங்கிட்டுப் போயிடறான் தம்பி. பேங்குல அஞ்சாம் தேதி மொத்தமா கேப்பாங்க. அஞ்சாம் தேதி வரைக்கும் எங்கிட்ட காசு தங்குமா?" தங்காதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு மொய், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். தண்டல்காரர் அந்தக் காசைச் செலவாவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் விற்பதே அந்தச் சேவையைத்தான், அதற்குத்தான் அவ்வளவு விலை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, தினம் வியாபாரம் நடக்கிற கடைகளுக்கு வங்கிக் கடன் வாங்கும்போது கூடவே ஒரு ஏற்பாடும் செய்தோம். ஊரில் வங்கி மித்ரா என்று ஒருவர் இருப்பார், கையடக்க மெஷினை வைத்துக்கொண்டு பணம் போடுவார், எடுப்பார். தவணை பிடிக்கப்படும் சேமிப்புக் கணக்கில் தினமும் கடை மூடும் முன் அவரிடம் அறுபது, எழுபது ரூபாய் போட்டுவிட வேண்டும். நாலு நாளைக்கு ஒரு தடவை போட்டாலும் சரி. ஐந்தாம் தேதி வரும்போது கணக்கில் பணம் தயாராக இருக்கும், தவணை திரும்பிப்போய் அபராதம் விழாது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் தண்டலை விட்டு வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வந்தார்கள். வங்கி மித்ராவுடன் ஊருக்குள் பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு இது நடக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு, ஊரில் யார் வீட்டு வாசலில் யார் நிற்கலாம் என்பது வரைக்கும் அது போகும், இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆட்டுக்கு வாரத் தவணையில் கடன் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். குட்டியாக வாங்கினால் விற்க எட்டு மாதமாவது ஆகும். பக்ரீத்தோ தீபாவளியோ ஆடித் திருவிழாவோ வந்தால்தான் நல்ல விலை. அதுவரை ஆடு பைசா தராது. ஆனால் நுண்கடன் நிறுவனங்களின் கடனுக்குக் கடன் வாங்கிய அடுத்த வாரமே தவணை. "வட்டி கெடக்குது தம்பி, வியாழக்கிழமைக்கு எங்க போறது?" என்று கேட்பார்கள். வியாழக்கிழமைக்காகக் கணவர் கூலியிலிருந்து கட்டுவார்கள், அது நின்றால் இன்னொரு நிறுவனத்தில் வாங்கி இதற்குக் கட்டுவார்கள், கடைசியில் பாதி வளர்ந்த ஆட்டை விற்பார்கள். ஆட்டில் லாபமே இல்லை என்று பெயர் வரும். ஆடு பாவம், அது என்ன செய்யும்.

வாரக் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு விதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தும் நிறுவனம் கடன் தரக் கூடாது. அதனால் கடன் கிடைக்கட்டும் என்று வருமானத்தைக் கூட்டிச் சொல்வது நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வது. இன்னொன்று, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்காக வந்தோ போன் போட்டோ தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது.

பால் மாட்டுக் கடன் ஏன் மற்றதை விட ஒழுங்காகத் திரும்புகிறது என்று யோசித்தால் இதே கணக்குத்தான் வரும். சங்கத்தில் பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒரு தடவை பால் காசு வருகிறது, அதிலேயே தவணையைப் பிடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் வங்கிக்கும் நிம்மதி. ஆனால் மாடு வருஷம் முழுவதும் கறக்காது. வற்றுக் காலத்தில் தீவனச் செலவு இருக்கும், வரவு இருக்காது. அதனால்தான் பழைய ஆட்கள் இரண்டு மாட்டுக்குக் கடன் கேட்டு, முதல் மாடு வாங்கி ஐந்தாறு மாதம் கழித்து இரண்டாவது மாட்டை வாங்குவார்கள். ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும். சில கிளைகளில் இரண்டையும் ஒரே நாளில் வாங்கிப் போட்டோ எடுத்துக் கொடு என்பார்கள், கோப்பு சீக்கிரம் முடியும் என்று. ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தவணையாகக் கடனை விடுவிக்கலாம், வங்கிக்கும் அந்த முறை தெரிந்ததுதான்.

புளிக்கு வருகிறேன். எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது புளிதான்.

இந்தப் பக்கம் தையிலிருந்து சித்திரை வரை புளி சீசன். நெடுஞ்சாலை ஓரத்து மரங்களை ஏலம் எடுத்தவர்களும் தோட்டத்து மரங்களைக் குத்தகை எடுத்தவர்களும் உலுக்கிக் கொண்டுவந்து போடுவார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்கும் வேலை முழுவதும் பெண்கள் செய்வது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. புளி மண்டிக்காரருடையது, கை மட்டும் இவர்களுடையது. கொட்டைகூட அவருக்கே போகும், அதற்கும் மாவு மில்லில் விலை உண்டு. சீசனில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை படுத்திருக்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்து, நிறம் கறுக்காமல் ஆடி, ஆவணி தாண்டி விற்கிறவர்தான் காசு பார்க்கிறவர்.

ஒரு குழுவுக்கு இதில் ஆசை வந்தது. நாமே வாங்கி, நாமே தட்டி, கொஞ்சம் கிடங்கில் வைத்து விற்போம் என்றார்கள். அவர்களுக்கு வேண்டியது மாசி, பங்குனியில் புளி வாங்கப் பணம். வங்கியில் கிடைத்த முதல் பதில், கொட்டை நீக்கும் மெஷினுக்குக் கடன் தருகிறோம், கொட்டேஷன் கொண்டுவாருங்கள் என்பது. மெஷின் என்றால் பில் இருக்கும், வரிசை எண் இருக்கும், ஆய்வுக்கு வருகிறவர் தொட்டுப் பார்க்கலாம். புளி வாங்கக் கொடுத்தால் அது எங்கே போனது என்று யார் சொல்வது? மேலாளர் கெட்டவர் இல்லை, அவர் மேலே பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் மெஷின் வாங்கியிருந்தால் அதில் போட ஒரு மூட்டை புளிகூட இவர்களிடம் இருந்திருக்காது. மறுபடியும் மண்டிக்காரரிடமே முன்பணத்துக்குப் போயிருப்பார்கள், கூடவே மெஷின் தவணையும் சேர்ந்திருக்கும். இப்படி மூடிக்கிடக்கும் மெஷின்களை அந்த ஒன்றியத்திலேயே நிறையப் பார்த்திருக்கிறேன், மேலே மஞ்சள் சாயத்தில் திட்டத்தின் பெயர் மட்டும் புதிதாக இருக்கும்.

விஷயத்தைத் திருப்பியது ஒரு தாள். அரைப்பக்கம்கூட வராது. பன்னிரண்டு மாதம் வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே போகும் காசு, வரும் காசு, கையில் நிற்கும் காசு என்று மூன்று கட்டம். மாசியில் பெரிய பள்ளம், பங்குனியில் இன்னும் பள்ளம், வைகாசியில் பாதிப் புளி விற்றுக் கொஞ்சம் மேலே, ஆவணியில் மீதி விற்று அடைவு. லாபம் எவ்வளவு என்று எழுதியதை விட இந்தப் பள்ளத்தைக் காட்டியதுதான் வேலை செய்தது. "அப்ப உங்களுக்கு டேர்ம் லோன் வேண்டாமே, சி.சி. லிமிட் போதுமே" என்று மேலாளரே சொன்னார்.

டேர்ம் லோன் என்றால் மொத்தமாகக் கொடுத்துத் தவணை தவணையாக வாங்கிக்கொள்ளும் கடன். சி.சி. என்பது கேஷ் கிரெடிட். ஒரு வரம்பு வைத்துவிடுவார்கள். வேண்டும்போது எடுக்கலாம், வந்ததும் கட்டலாம், எடுத்த தொகைக்கு எடுத்திருந்த நாளுக்கு மட்டும் வட்டி. மாதா மாதம் வட்டியைக் கட்டி வந்தால், வரம்புக்குள் அசலை விற்ற பிறகு அடைக்கலாம். சுய உதவிக் குழுக்களுக்கு இந்த வசதி உண்டு, ஆனாலும் பல கிளைகளில் டேர்ம் லோன் மட்டுமே கொடுத்துப் பழகிவிட்டார்கள். நாம் பெயர் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும். சீசன் தொழில் எதுவானாலும் (மாங்காய், புளி, சாமை, அப்பளம், தீபாவளிப் பலகாரம்) முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கேட்கும் நேரமும் முக்கியம். புளி உலுக்க ஆரம்பித்த பிறகு விண்ணப்பம் கொடுத்தால் பணம் வரும்போது புளி மண்டியில் இருக்கும். ஐப்பசியிலேயே போய் உட்கார வேண்டும்.

சொந்த மரத்துப் புளி வைத்திருக்கும் விவசாயிக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் வரை, 5 சதவீத வட்டி என்பது நான் பார்த்த காலத்து நிபந்தனை. வாங்கி விற்கிறவர்களுக்கு நிபந்தனை வேறு, கொஞ்சம் இறுக்கம்.

குழுவின் முதல் வருஷம் சுமாராகத்தான் போனது. ஆவணியில் எதிர்பார்த்த விலை வரவில்லை, கிடங்கு வாடகை போக மிச்சம் கொஞ்சம். ஆனால் எல்லாவற்றையும் கிடங்கில் வைக்காமல் பாதியை வைகாசியிலேயே விற்றிருந்ததால் வட்டி பாக்கி நிற்கவில்லை. மொத்தத்தையும் நல்ல விலைக்காகப் பிடித்து வைப்பது மண்டிக்காரர் செய்யக்கூடியது. கடன் வாங்கிச் செய்கிறவருக்குக் கட்டுப்படியாகாது.

மானியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது "மானியம் எவ்வளவு?" என்றுதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே பாருங்கள், பி.எம்.இ.ஜி.பி. என்று சொல்வார்களே, அது. கிராமத்தில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்டோர் போன்றோருக்கு 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் சொந்தப் பணம் 25,000, வங்கிக் கடன் 4,75,000, மானியம் 1,75,000. இந்த 1,75,000 யார் கைக்கும் வராது. மூன்று வருடம் உங்கள் பெயரில் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி வராது, கடனில் அந்த அளவுக்கு வட்டியும் போடமாட்டார்கள். மூன்று வருடம் தொழில் நடந்து, நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இது தெரியாமல், மானியம் வந்ததும் தந்துவிடுகிறேன் என்று மச்சானிடம் மூணு வட்டிக்கு வாங்கி ஷெட் போட்ட வெல்டிங் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். வேலை நன்றாகத்தான் செய்வான், கேட்டும் ஜன்னலும் செய்து தள்ளுவான். மச்சானுடன் பேச்சு நின்றுபோனதுதான் மிச்சம்.

தமிழ்நாடு அரசின் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் இணை மானியமும் நான் பார்த்த காலத்தில் அப்படித்தான், 70 சதவீதம் கடனைக் கட்டி முடித்தால் மீதி 30 சதவீதம் மானியம். எனக்கு இந்த முறை பிடிக்கும். கட்டி முடிக்கிறவருக்குப் பரிசு மாதிரி. ஆனால் எந்த மானியமாக இருந்தாலும், அது இல்லாமலே தொழில் தவணை கட்டுமா என்று அந்தப் பன்னிரண்டு மாதத் தாளில் பார்த்துவிடுங்கள். கட்டாது என்றால் அந்தத் தொழில் வேண்டாம். வாங்கித் தருகிறேன் என்று சதவீதம் பேசுகிற புரோக்கருக்கு ஒரு பைசாவும் தர வேண்டாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். சின்ன அளவில் உணவுத் தொழில் செய்கிறவர்களுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் அரசுக் கட்டணம். இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வங்கிக்குப் போகும்போது கூச்சப்படாமல் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. குறு, சிறு தொழிலுக்குப் 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது 2010 முதலே ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கொண்டுவா என்றால், மரியாதையாக, "சார், அடமானத்துக்குப் பதிலா இதுக்கு உத்தரவாத நிதித் திட்டம் இருக்குதுங்களே" என்று கேட்கலாம். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். சீட்டு இல்லாத விண்ணப்பம் கொடுக்காத விண்ணப்பம்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பம் என்றால் கிளை அளவிலேயே மறுக்கக் கூடாது, மேல் அதிகாரிதான் முடிவெடுக்க வேண்டும். இதைச் சட்டம் பேசுகிற தோரணையில் சொன்னால் காரியம் கெடும், அடுத்த தடவையும் அதே மேசைக்குத்தானே போக வேண்டும். எழுத்தில் கேட்டாலே பாதி மறுப்புகள் "பார்க்கலாம்" என்று மாறிவிடும்.

சிபில், அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் ஸ்கோர், அந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. இதுவரை கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் இருக்காது. அதை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவுக்காக உங்கள் ஆதாரைக் கொடுத்து வாரக் கடன் எடுத்தீர்களே, அது உங்கள் பெயரில்தான் பதிவாகும். அவர் கட்டாமல் விட்டால் கெடுவது உங்கள் பெயர். வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை எடுக்கலாம், வங்கிக்குப் போகும் முன் எடுத்துப் பாருங்கள். தனக்கே தெரியாத கடனை அதில் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு.

குழுக் கடனில் நடக்கிற இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். ஆறு லட்சம் வந்தால் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். தொழில் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் பணம் பள்ளிக் கட்டணத்துக்கும் பழைய கடனுக்கும் போகும். நான் இதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன், குடும்பம் நடக்க வேண்டுமே. ஆனால் தொழில் செய்ய நினைக்கும் இரண்டு பேருக்கு அந்த ஐம்பதாயிரம் போதாது, மற்ற பத்துப் பேருக்கு அது அதிகம். புளிக் குழுவில் இதைப் பேசி, தொழிலுக்குத் தனியாக ஐந்து பேர் சேர்ந்து, சேமிப்புக் குழுவைப் பழையபடி விட்டுவிட்டார்கள். சண்டை இல்லாமல் நடந்தது என்று சொன்னால் பொய்.

நான் இதுவரை சொன்னது எதுவும் எட்டாத ஆட்களும் இருக்கிறார்கள். புறம்போக்கில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், வாடகை ஒப்பந்தமே இல்லாமல் இன்னொருவர் திண்ணையில் தையல் மெஷின் போட்டிருப்பவர். முகவரிச் சான்று கேட்டதும் அவர்கள் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். நகரத்துத் தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் வந்த ஸ்வநிதி கடன் இருக்கிறது. கிராமத்து ரோட்டோரத்துக்கு அது வராது. இவர்களை நான் அனுப்பியது மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு. அங்கே இருப்பது சமுதாய முதலீட்டு நிதி, வங்கிப் பணத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஆனால் முடிவெடுக்கிறவர்கள் அதே ஊர்ப் பெண்கள். அந்தப் பெட்டிக்கடை எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கடன் குழு வழியாகத்தான் போகும் என்பதால் முதலில் ஒரு குழுவில் சேர வேண்டும், ஆறு மாதமாவது ஒழுங்காகச் சேமிக்க வேண்டும். அவசரத்துக்கு உதவாது. எப்போதாவது கடன் தேவைப்படும் என்று தெரிந்தவர்கள் இந்த மாதமே போய்ச் சேரட்டும். கூட்டம் எந்தக் கிழமை என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.